கணிப்பொறி ஆர்டர் படிவமும் காணாமல் போன வெல்லமும்

சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் உறுப்பினர்கள் சிலர் எங்களைச் சூழ்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். "சில்லறைக் கடைக்காரர்கள் செல்போனிலேயே ஆர்டர் போடுவதற்கு உங்கள் கடையில் ஏதோ படிவம் வைத்திருக்கிறீர்களாமே, அது எப்படி வேலை செய்கிறது? நாங்களும் வைக்கலாமா?" என்பது கேள்வி. வைக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தால் 2025 பொங்கலுக்கு முன் நாங்கள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. ஆகவே பாடமும் கதையுமாகக் கலந்து எழுதுகிறோம்.

நாங்கள் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். செஞ்சியில் மளிகை மொத்த வியாபாரம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதத் தெரியாது. எழுதியது தங்கை மகன், பி.சி.ஏ. படித்த பிள்ளை. அவன் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஏன், அது ஏன்" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வைக்கிறோம்.

படிவம் நமக்குப் புதிதல்ல. விற்பனை வரிக் காலத்தில் வெளிமாநிலக் கொள்முதலுக்கு 'சி' படிவம் வாங்க வரி அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றிருப்போம். ஒரு கட்டத்தில் பதிவு எண் மாறிப் போனால் விற்றவருக்குச் சலுகை வரி கிடைக்காது, வித்தியாசத்தை நம் தலையில் கட்டுவார். கணிப்பொறிப் படிவமும் அதே குணம் உடையதுதான். ஒன்றே வேறுபாடு. காகிதப் படிவத்தில் அடியில் கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறிப் படிவத்தில் கிழிந்தது தெரியாது.

முதலில் படிவம் என்றால் என்னவென்று பார்ப்போம். செல்போனில் நாம் பார்க்கும் பக்கங்களை எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில் எழுதுகிறார்கள். அதில் 'ஃபாரம்' என்று ஒரு குறி உண்டு. அதற்குள் இரண்டு விவரம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய படிவம் எந்த விலாசத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. எந்த வழியில் போக வேண்டும் என்பது மற்றொன்று. வழி இரண்டு: 'கெட்', 'போஸ்ட்'. 'கெட்' என்பது தபால் கார்டு போல. எழுதியதெல்லாம் விலாச வரியிலேயே தெரியும். 'போஸ்ட்' என்பது உறைக்குள் வைத்த கடிதம். விலை கேட்டுத் தேடுவதற்கு முதலாவது போதும். ஆர்டருக்கு இரண்டாவதுதான் சரி.

அந்த ஃபாரத்துக்குள் கட்டங்கள். எழுதும் கட்டம், டிக் செய்யும் கட்டம், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வட்டம், தொட்டால் கீழே விரியும் பட்டியல், கண்ணுக்குத் தெரியாத மறைவுக் கட்டம் என்று வகைகள் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் 'அனுப்பு' என்ற பொத்தானைத் தொட்டதும், பெயரும் அதற்கு நேரே எழுதியதும் சோடி சோடியாகக் கிளம்பிப் போகும். பெயர் வைக்காத கட்டம் போகாது. இதில் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாலும் அது காலியாகவே போய்ச் சேரும். டிக் செய்யும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் அது போகவே போகாது. இந்தக் 'காலியாகவும் போகும்' என்ற சங்கதிதான் பின்னால் எங்கள் வெல்லத்தைச் சாப்பிட்டது.

போய்ச் சேரும் இடத்தில் அதை வாங்கிப் பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டுமே. அந்த வேலையைச் செய்யும் மொழிகளில் ஒன்று பி.எச்.பி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-இல் எழுதிய சிறு கருவிகள்தாம் அதன் தொடக்கம். 1995-இல் ஊருக்கு வெளியிட்டார். சிறிது காலம் அதன் பெயரிலேயே 'படிவத்தைப் புரிந்துகொள்ளும் கருவி' என்ற பொருளில் ஓர் ஒட்டு இருந்தது. பிறந்ததே படிவத்துக்காக என்று சொன்னாலும் தப்பில்லை. அது இலவசம் என்பதும், மாத வாடகை குறைந்த சர்வர்களில்கூட ஓடும் என்பதும் நமக்கு ஆதாயம்.

இனி, படிவத்தை 'எழுதுவது' வேறு, 'பிறப்பிப்பது' வேறு. இதுதான் இப்பாடத்தின் நடு.

மருமகன் முதலில் கையாலேயே எழுதினான். துவரம்பருப்புக்கு ஒரு வரி, உளுந்துக்கு ஒரு வரி என்று அறுபது சரக்குக்கு அறுபது வரி. விலை ஏறினால் அந்த வரியைத் தேடித் திருத்த வேண்டும். பட்டியலில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை, படிவத்தில் ஒரு விலை என்று மூன்று நாளில் மூன்றாகிவிட்டது. "இப்படி வேண்டாம்டா" என்றோம். "சரி மாமா, சரக்குப் பட்டியலை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, படிவத்தை அதிலிருந்து தானாகப் பிறக்க வைக்கிறேன்" என்றான்.

அதாவது சரக்குப் பேரேடு ஒன்று சர்வரில் இருக்கிறது. சரக்கு எண், பெயர், அளவு (மூட்டை, கிலோ, டின், டஜன்), விலை, வரி, இருப்பு என்று பத்திகள். பி.எச்.பி.யில் 'ஃபார்ஈச்' என்று ஒரு கட்டளை. பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் எடு, அதற்கு ஒரு கட்டம் அச்சிடு, அடுத்த வரிக்குப் போ என்று அது சுற்றும். கட்டளை எழுதுவது நாலைந்து வரிதான். பேரேட்டில் 60 சரக்கு இருந்தால் 60 கட்டம், 300 இருந்தால் 300. புதுச் சரக்கு வந்தால் பேரேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும், படிவத்தில் தானாக வந்துவிடும். இருப்புத் தீர்ந்தால் அந்தக் கட்டத்தை அடைத்துவிடும். ரைஸ் மில்லில் ஒரே சல்லடையில் எத்தனை மூட்டையையும் விடுவது போல என்று எங்களுக்குப் புரிந்தது.

இதன் அருமை 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. அன்றுதான் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பிஸ்கட், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நெய் 12-லிருந்து 5. துணி சோப்பு மட்டும் 18-லேயே நின்றது. சோப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றியவர்கள் மாட்டியிருப்பார்கள். எங்களுக்கு 21-ஆம் தேதி இரவு பேரேட்டில் வேலை, படிவத்தில் கை வைக்கவே இல்லை. ஆனால் பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு பத்தி வைத்து, பழைய வரியை அப்படியே விட்டு அதன் கீழ்ப் புதிய வரி போட்டோம். ஆகஸ்டில் போட்ட பில்லுக்குச் சரக்குத் திரும்பி வந்தால் ஆகஸ்டு விகிதத்தில்தானே வரவு வைக்க வேண்டும்.

அரிசி வியாபாரிகளுக்கு இது இன்னும் அவசியம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை 5 சதவீதம், அதற்கு மேல் வரி இல்லை என்று ஆனதும் 26 கிலோ மூட்டை பிறந்த கதை நம்மெல்லாருக்கும் தெரியும். 25-க்கும் 26-க்கும் ஒரே சரக்கு எண் வைத்திருந்தால் படிவம் எப்படிச் சரியான வரியைக் காட்டும்? தனித்தனி எண் வேண்டும்.

இப்போது வெல்லத்துக்கு வருவோம்.

2024-இல் எங்கள் படிவத்தில் 310 சரக்கு இருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று கட்டம் வைத்திருந்தோம். மறைவாகச் சரக்கு எண், எழுதுவதற்கு எண்ணிக்கை, மூட்டையா கிலோவா என்று தேர்ந்தெடுக்க ஒன்று. மேலே கடை எண், ஊர், தேதி, குறிப்பு என்று நான்கு. மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை வழிக் கடைக்காரர்கள் பலர் பழகிவிட்டார்கள். அமாவாசைக்கு நாலு நாள் முன்பே மலையனூர்க் கடைகளிலிருந்து கற்பூரமும் ஊதுபத்தியும் கேட்டுப் படிவம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் போனை எடுத்துப் பதில் சொல்லும் தொல்லை பாதியாகக் குறைந்தது. நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

கார்த்திகையில் எழுபது சரக்கு கூட்டினோம். மொத்தம் 380. படிவம் பிறந்தது, அழகாக இருந்தது, ஆர்டர்களும் வந்தன.

மார்கழி பிற்பகுதியில், வெல்லத்துக்கு ஆர்டரே வரவில்லை. பொங்கல் சரக்கென்று மண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் கிடங்கு நிறைய இறக்கி வைத்திருந்தோம். கடைக்காரர்கள் வேறெங்கோ மலிவாக வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். போனில் சொன்னவர்களுக்கு மட்டும் போயிற்று. வளத்திப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர், லாரி போன பிறகு போன் செய்தார்.

"என்ன முதலாளி, வெல்லம் நாலு மூட்ட போட்டிருந்தேனே, ஒண்ணுகூட வரலியே."

"நீங்க போடலீங்களே. வந்த படிவம் இங்க இருக்குது, வெல்லமே இல்ல."

"போட்டனுங்க. என் கையால போட்டேன்."

"போட்டிருந்தா இங்க வந்திருக்கும்ல. மறந்துட்டு எங்க மேல சொல்லாதீங்க."

அவர் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார். மறுநாள் திண்டிவனம் போய் விலை அதிகம் கொடுத்து எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் கிடங்கில் வெல்லம் இருந்தது, அவர் கடையில் இல்லை. கணிப்பொறி பொய் சொல்லாது, மனிதன்தான் மறப்பான் என்று நாங்கள் நினைத்தது தப்பு. கணிப்பொறி பொய் சொல்லவில்லைதான். பாதிதான் சொன்னது.

அடுத்த நாள் இன்னொருவர், அவருக்கும் அதே குறை, வெந்தயமும் வரவில்லை என்றார். மூன்றாமவர் ஷாம்பு. அப்போதுதான் பொறி தட்டியது. வெல்லம், வெந்தயம், வத்தல், விளக்குத் திரி, ஷாம்பு – எல்லாம் அகரவரிசையின் கடைசி. (வேர்க்கடலை மட்டும் தப்பித்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அதை 'மணிலா' என்று எழுதியிருந்ததால் 'ம'வில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.)

மருமகனை விழுப்புரத்திலிருந்து வரச் சொன்னோம். அவன் ஒரு காரியம் செய்தான். எல்லாச் சரக்குக்கும் எண்ணிக்கை 1 என்று நிரப்பி அனுப்பினான். வந்து சேர்ந்தது 332 இனம். கடைசி இனம் லவங்கம். அதற்கடுத்த 48 இனம் சுவடே இல்லை. பிறகு சர்வரின் பிழைக் குறிப்பேட்டைத் திறந்தான். உள்ளே வரும் கட்டங்கள் 1000-ஐத் தாண்டிவிட்டன என்று ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு வரி, கார்த்திகையிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கடைக்காரர் பார்த்த பக்கத்தில் "உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி" என்றுதான் வந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 310 சரக்குக்கு மும்மூன்று கட்டம் 930, மேலே 4, ஆக 934. இடித்துக்கொள்ளவில்லை. 380-க்கு 1140, மேலே 4, ஆக 1144. பி.எச்.பி. ஒரு படிவத்தில் 1000 கட்டம் வரைதான் வாங்கும், மாற்றி அமைக்காத வரையில். முதல் நான்கு போக 996. அதை மூன்றால் வகுத்தால் 332. அத்தோடு கதவை மூடிவிட்டது. கடைக்காரர் பத்துச் சரக்குதான் கேட்டிருப்பார். ஆனால் காலிக் கட்டங்களும் சேர்ந்து போவதால் எல்லாருடைய படிவமும் 1144 கட்டமாகத்தான் போனது. எல்லாருக்கும் ஒரே இடத்தில் வெட்டு.

இப்படி ஒரு வரம்பு எதற்கு என்று கோபம் வந்தது. காரணம் கேட்டபின் கோபம் தணிந்தது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு கணிப்பொறி மாநாட்டில், சூழ்ச்சியாகப் பெயர் வைத்த கட்டங்களை ஆயிரக்கணக்கில் ஒரே படிவமாக அனுப்பினால் சர்வர் மூச்சுத் திணறி மற்ற வேலைகளை நிறுத்திவிடும் என்று செய்து காட்டினார்கள். அடுத்த மாதமே, 2012 ஜனவரியில் வந்த பி.எச்.பி. 5.3.9 பதிப்பில் இந்த ஆயிரம் வரம்பைக் கொண்டுவந்தார்கள். நியாயமான காவல்தான். காவல்காரன் திருப்பி அனுப்பியதை வாடிக்கையாளரிடமும் சொல்லாமல் விட்டதுதான் குறை.

வரம்பை 5000 என்று ஏற்றிவிடலாம். ஒரு வரி மாற்றம். மருமகன் முதலில் அதைத்தான் சொன்னான். நாங்கள் ஒப்பவில்லை. நாளை 5000-ஐயும் தாண்டினால் மறுபடி இதே கதை, அதுவும் சத்தமில்லாமல். படிவத்தைப் பிறப்பிக்கும் முறையையே மாற்றச் சொன்னோம். மூட்டை வெல்லத்துக்கு ஒரு சரக்கு எண், கிலோ வெல்லத்துக்கு வேறு எண் என்று பிரித்தால் மூட்டையா கிலோவா என்ற கட்டம் வேண்டியதில்லை. சரக்கு எண்ணைத் தனி மறைவுக் கட்டமாக வைப்பதற்குப் பதில் எண்ணிக்கைக் கட்டத்தின் பெயரிலேயே வைத்துவிடலாம். 'எண்ணிக்கை' என்று எழுதி அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 214 என்று போட்டால், பி.எச்.பி. அதை 214-ஆம் சரக்கின் எண்ணிக்கை என்று தானே பிரித்து அடுக்கிக்கொள்ளும். சரக்குக்கு ஒரு கட்டம்தான். பருப்பு, எண்ணெய், பூஜைச் சாமான், சோப்பு வகை என்று பக்கங்களாகவும் பிரித்தாயிற்று. இப்போது எந்தப் பக்கமும் நூற்றைம்பது கட்டத்தைத் தாண்டுவதில்லை.

அதோடு நாங்களே சொல்லிக் கொடுத்த யோசனை ஒன்று. லாரியில் சரக்கு ஏற்றும்போது சீட்டின் அடியில் 'ஆக மொத்தம் உருப்படி 64' என்று எழுதுகிறோமே, எதற்கு? இறக்குகிறவன் 63 எண்ணினால் உடனே கேட்பான். படிவத்துக்கும் அப்படி ஒரு அடி வரி போடச் சொன்னோம். படிவத்தின் கடைசிக் கட்டமாக, மறைவாக, இந்தப் பக்கத்தில் இத்தனை கட்டம் என்று ஓர் எண். வெட்டு விழுந்தால் கடைசிதான் முதலில் போகும். ஆக அந்தக் கட்டம் வராவிட்டாலோ, எண் ஒத்துப் போகாவிட்டாலோ சர்வர் ஆர்டரை ஏற்காமல் "படிவம் முழுதாக வரவில்லை, கடைக்குப் போன் செய்யவும்" என்று சொல்லும். முழுதாக வந்தால், "நீங்கள் கேட்டது 27 இனம்" என்று பட்டியலைத் திருப்பிக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் பதியும். மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "இது எங்கள் புத்தகத்தில் இல்லையே மாமா" என்றான். நம் தரகுச் சீட்டில் இருக்கிறது என்றோம்.

வெல்ல விவகாரத்துக்குப் பிறகு படிவம் முழுவதையும் ஒருமுறை கிளறிப் பார்த்தோம். வேறு ஓட்டைகளும் தெரிந்தன.

விலையை மறைவுக் கட்டத்தில் வைத்திருந்தான் பிள்ளை. மறைவு என்றால் வாடிக்கையாளர் கண்ணுக்குத்தான் மறைவு. பிரவுசரில் இரண்டு பொத்தானை அழுத்தினால் மறைவுக் கட்டம் திறந்துகொள்ளும், 140 என்பதை 1 என்று மாற்றி அனுப்பலாம். அவனே எங்கள் எதிரில் செய்து காட்டினான். எங்களுக்குக் குளிர் எடுத்துவிட்டது. இப்போது படிவத்தில் விலை காட்டுவதோடு சரி. வந்த படிவத்தில் சரக்கு எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விலையை எங்கள் பேரேட்டிலிருந்து போடுகிறோம். வாங்குகிறவர் எழுதிய விலைக்கு யார் பில் போடுவார்கள்?

எண்ணிக்கைக் கட்டத்தில் எண்தான் எழுத முடியும் என்று படிவத்திலேயே கட்டுப்பாடு வைக்கலாம். கழித்தல் குறி போடாதே, அரை மூட்டைக்குக் கீழே கேட்காதே என்றும் வைக்கலாம். ஆனால் அது பிரவுசரில் நடக்கும் சோதனை. அதைத் தாண்டி வருவது கடினமல்ல. ஆகவே அதே சோதனையைச் சர்வரிலும் மறுபடி செய்ய வேண்டும். நம் ராஜகிரிக் கோட்டையைப் பாருங்கள். அடிவாரத்தில் மதில் இருக்கிறது, அகழி இருக்கிறது, வாசல்கள் இருக்கின்றன. அத்தனையும் கடந்து உச்சிக்குப் போனாலும் பாறைப் பிளவின் குறுக்கே ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. கட்டியவன் கீழ் வாசலை நம்பி மேலே திறந்து போட்டுவிடவில்லை.

பி.எச்.பி.யிலேயே ஒரு காலத்தில் இப்படித் திறந்து போட்டிருந்தார்கள். படிவத்தில் எந்தப் பெயரில் கட்டம் வந்தாலும் அதே பெயரில் உள்ளே ஒரு கணக்கு தானாகத் திறந்துகொள்ளும். வாடிக்கையாளரை நம் பேரேட்டில் தலைப்புப் போட விட்டது போல. வெளியாள் தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டத்தைச் சேர்த்து அனுப்பிக் கணக்கைக் குழப்ப முடிந்தது. 2002-இல் அந்த வசதியை முன்னிருப்பில் அடைத்தார்கள். 2012-இல் வந்த 5.4 பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள். பழைய காலத்தில் எழுதிய மென்பொருளை யாராவது மலிவாகத் தலையில் கட்ட வந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இரும்புக் கடை நண்பர் ஒருவர் எங்களைப் பார்த்துப் படிவம் வைத்தார். அவர் பட்டியலில் ஆணிக்கு 2", 3", 6" என்று அங்குலக் குறி. படிவத்தில் எல்லா ஆணியும் வெறும் 2, 3, 6 என்று நின்றது, 'ஆணி' என்ற சொல்லே காணோம். காரணம், எச்.டி.எம்.எல்.லில் கட்டத்துக்குள் இருக்க வேண்டிய எழுத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைப்பார்கள். அங்குலக் குறியை அது மேற்கோள் முடிந்த இடம் என்று எண்ணிக்கொள்கிறது. 'முருகன் & சன்ஸ்' போன்ற பெயர்களில் வரும் 'அண்ட்' குறியும், சிறிது பெரிது குறிகளும் அப்படியே வம்பு. பேரேட்டிலிருந்து எதை எடுத்துப் படிவத்தில் அச்சிட்டாலும் 'எச்.டி.எம்.எல். ஸ்பெஷல் சேர்ஸ்' என்ற கட்டளையின் வழியாக விட்டால் இந்தக் குறிகளை ஆபத்தில்லாத எழுத்தாக மாற்றிவிடும். ஆணியோடு போகும் காரியமல்ல இது. குறிப்புக் கட்டத்தில் யாராவது விஷமமாகக் கட்டளை எழுதி அனுப்பி, அதை நம் கணிப்பொறியில் திறந்ததும் ஓட வைக்கும் வித்தைக்கும் இதுவே தடுப்பு. அதேபோல வந்ததைப் பேரேட்டில் பதியும்போது, வாடிக்கையாளர் எழுதியதைக் கட்டளை வாக்கியத்தோடு ஒட்டி எழுதக் கூடாது. கட்டளையை முதலில் தயார் செய்து, மதிப்பைத் தனியே கொடுக்கும் முறை இருக்கிறது, அதில்தான் எழுத வேண்டும்.

வரிப் பதிவு எண் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து சோதனை எழுத்து. முன்னால் உள்ள 14-ஐயும் கொண்டு ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி எழுத்து வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தட்டச்சுப் பிழை. இந்தக் கணக்கைச் சர்வர் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். போடாவிட்டால் என்ன ஆகும்? எண் தப்பானால் நாம் போட்ட பில் வாங்கியவருடைய 2-பி அறிக்கையில் ஏறாது, அவருக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது, நம் பாக்கியைப் பிடித்து வைப்பார். 'சி' படிவக் காலத்துச் சண்டை அப்படியே திரும்பும்.

செஞ்சிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டு எண் 33, புதுச்சேரி எண் 34. பேருந்தில் போய்வரும் தூரம்தான் என்றாலும் வரிக்கு அது வேற்று மாநிலம். சரக்கு புதுச்சேரிக்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி., இங்கேயே என்றால் மத்திய மாநில வரி சரிபாதி. 'எந்த வரி' என்று கேட்டு ஒரு கட்டம் வைத்தால் கடைப் பையன் பழக்கத்தில் ஒன்றையே தொடுவான். அந்தக் கட்டமே வேண்டாம். சரக்கு எந்த மாநிலத்தில் இறங்குகிறது என்பதைக் கொண்டு சர்வரே முடிவு செய்யட்டும். இ-வே பில்லுக்கும் அப்படியே. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான், புதுச்சேரிக்கு என்றால் 50,000 தாண்டினாலே. தாண்டியதும் சிவப்பில் ஒரு வரி காட்டச் சொல்லியிருக்கிறோம்.

டவர் சரியாகக் கிடைக்காத ஊர்களில் கடைக்காரர் 'அனுப்பு' பொத்தானை மூன்று தரம் தொடுவார். மூன்று ஆர்டர் பதிந்து மூன்று மடங்கு சரக்கு வண்டியில் ஏறும். இதற்கு, படிவம் பிறக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் யூகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணை மறைவாக வைத்து, அந்த எண் ஒருமுறை பதிந்துவிட்டால் மறுமுறை ஏற்காமல் விடுகிறோம். பில் புத்தகத்தில் ஓர் எண்ணுக்கு ஒரு பில் என்பது போல. வேறு யாரோ வேறு பக்கத்திலிருந்து நம் வாடிக்கையாளர் பெயரில் கள்ளப் படிவம் அனுப்பினாலும், இந்த எண் இல்லாததால் நிற்காது. ஒரே எண்ணுக்கு இரண்டு பயன்.

தப்பு ஏதும் இருந்து படிவம் திரும்பிப் போனால், அவர் எழுதிய எண்ணிக்கையெல்லாம் அந்தந்தக் கட்டத்தில் அப்படியே இருக்க வேண்டும். நாற்பது வரி எழுதினவரை மறுபடி எழுதச் சொன்னால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். படிவம் பேரேட்டிலிருந்து பிறக்கும்போது இது சுலபம். அதே சுற்றுக் கட்டளை, கட்டத்தை அச்சிடும்போதே அவர் எழுதியதையும் உள்ளே வைத்து அச்சிட்டுவிடும்.

படிவம் வைக்க நினைக்கும் உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கும் பிள்ளையிடம், "பட்டியல் இரண்டு மடங்கானால் என்ன ஆகும், பிழைக் குறிப்பேட்டை யார் தினமும் பார்ப்பது" என்ற இரண்டையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளவும். எங்கள் கடையில் இப்போது காலையில் விளக்கேற்றியதும் குமாஸ்தா முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

வளத்திப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கத் தை மாதமே நேரில் போனோம். நடந்ததைச் சொல்லி, தப்பு எங்கள் மேல் என்று ஒப்புக்கொண்டோம். திண்டிவனத்தில் அவர் கூடுதலாகக் கொடுத்த தொகையை அவர் கணக்கில் வரவு வைப்பதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். அப்படியும் வைத்தோம். டீ வாங்கிக் கொடுத்தார், படிவத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இப்போதும் படிவத்தில்தான் ஆர்டர் போடுகிறார். கூடவே அதே பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதி, போய்வரும் எங்கள் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறார். நாங்கள் இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் சரக்கு ஏற்றுகிறோம்.